1915இன் 29ஆவது இந்தியப் பிரிகேடும் 1941இன் 29ஆவது இந்தியப் பிரிகேடும் ஒன்றுதானா?

நீங்கள் மூன்று செய்திகளை அருகருகே வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். 29ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிகேடு 1915இல் துருக்கியின் கலிப்போலித் தீபகற்பத்தில் பேரிழப்பைச் சந்தித்தது என்று ஓரிடத்தில் படித்தீர்கள். அதே பெயருள்ள பிரிகேடு 1941இல் எரித்திரியாவில் இத்தாலியரை எதிர்த்துப் போரிட்டது என்று இன்னோரிடத்தில். 1942இல் 29ஆவது பிரிகேடு மடகாஸ்கரில் தரையிறங்கியது என்று வேறோரிடத்தில். இவை ஒரே படைதானா, ஒரே படையென்றால் இரு உலகப் போர்களையும் கடந்த அதன் வரலாறு ஏன் ஒரே நூலாகக் கிடைப்பதில்லை என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி, ஒரு பிரிகேடுக்கு அறுபடாத ஆயுள் என்று ஒன்று உண்டா என்பதே. இந்தியப் படைகளின் போர் நாட்குறிப்புகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எண் மட்டுமே. மூன்றாவது, இந்தியப் பிரிகேடே அல்ல.

அன்றைய இந்தியப் படையில் ஒரு சிப்பாய் சேர்ந்ததும், சம்பளம் பெற்றதும், ஓய்வூதியம் வாங்கியதும் தன் பட்டாலியனிலிருந்துதான், அதாவது பல நூறு பேர் கொண்ட தன் காலாட்படை அலகிலிருந்துதான். அவன் அண்ணனும் சிற்றப்பனும் அதே பட்டாலியனில் இருந்திருப்பார்கள். கொடி, விருதுப் பெயர்கள், உணவுக்கூடத்து வெள்ளிப் பாத்திரங்கள், ஊர்த் தொடர்பு எல்லாம் அதற்கு உரியவை. பிரிகேடோ, போர்க்காலத்தில் நான்கு பட்டாலியன்களை (இரண்டாம் உலகப் போரில் பெரும்பாலும் மூன்றை) ஒரு தளபதியின்கீழ் சேர்த்துக் கட்டிய ஏற்பாடு. ஒரு தலைமையகம், அதில் சில அதிகாரிகள், தகவல் தொடர்புக்கு ஒரு சிறு பிரிவு, இவ்வளவே அதன் சொந்த உடைமை. பட்டாலியன்கள் வரும், போகும். பேருந்தின் தட எண்ணைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: வண்டியும் ஓட்டுநரும் பயணிகளும் மாறினாலும் பலகையில் எண் அதேதான், தடத்தை நிறுத்திவிட்டுச் சில ஆண்டுகள் கழித்து அந்த எண்ணை வேறொரு தடத்துக்குக் கொடுப்பதும் உண்டு. 29 என்ற எண்ணுக்கு நடந்தது ஏறக்குறைய அதுதான்.

முதல் 29ஆவது இந்தியப் பிரிகேடு 1914 அக்டோபரில், எகிப்துக்கு அனுப்புவதற்காக உருவாக்கப்பட்டது. தளபதி பிரிகேடியர் ஜெனரல் ஹெர்பர்ட் காக்ஸ். பட்டாலியன்கள் நான்கு: 14ஆவது சீக்கியர், 69ஆவது பஞ்சாபியர், 89ஆவது பஞ்சாபியர், 6ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸின் முதல் பட்டாலியன். சூயஸுக்குப் போகும் வழியில், செங்கடலின் வாயிலில் பெரிம் தீவுக்கு எதிரே இருந்த ஷேக் சயீது என்ற துருக்கியக் கோட்டையை 1914 நவம்பர் 10 அன்று தாக்கி, பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்துவிட்டுக் கப்பலேறினார்கள். பின்னர் சூயஸ் கால்வாய்க் காவல். 1915 பிப்ரவரித் தொடக்கத்தில் துருக்கியர் கால்வாயைத் தாக்கியபோது இந்தப் பிரிகேடும் அங்கிருந்தது.

இங்கே தமிழ் வாசகர்களுக்கென்று ஒரு சிறு விலகல். 69ஆவது, 89ஆவது என்ற எண்களுக்குப் பின்னால் ‘பஞ்சாபியர்’ என்று இருந்தாலும், இரண்டும் பிறப்பால் சென்னை மாகாணப் படையைச் சேர்ந்தவை. முன்னது 1762இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கரையோரச் சிப்பாய்ப் பட்டாலியன்களுள் ஒன்றாகத் தொடங்கியது. பின்னது 1798இல் சென்னைப் படைக்குக் கூடுதலாகத் திரட்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வடமேற்கின் சில சமூகங்களே ‘போர்க்குணம்’ உள்ளவை என்ற கொள்கை மேலிடத்தில் வேரூன்றியபோது, தென்னாட்டு ஆட்களைப் படிப்படியாகக் கழித்துவிட்டுப் பஞ்சாபியரைக் கொண்டு அந்தப் பட்டாலியன்களை நிரப்பினார்கள். 1903இல் எண்ணும் பெயரும் மாறின. ஆகவே பட்டாலியனின் தொடர்ச்சி என்று நான் மேலே சொன்னதும் ரத்த உறவு போன்ற ஒன்று அல்ல. அதுவும் ஒரு நிர்வாகத் தொடர்ச்சிதான், பிரிகேடைவிட உறுதியானது, அவ்வளவே.

கலிப்போலிப் படையெடுப்பின் தலைமைத் தளபதி இயன் ஹாமில்டன், மலைப்பாங்கான அந்தத் தீபகற்பத்துக்குக் கூர்க்காக்களே பொருத்தம் என்று கருதி, காக்ஸின் பிரிகேடைத் தனக்குத் தருமாறு 1915 மார்ச்சில் கேட்டார். அந்தப் பிரிகேடில் ஒரே ஒரு கூர்க்காப் பட்டாலியன்தான் உண்டு என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு பிரிகேடு என்பது எவ்வளவு தற்செயலான கூட்டு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை: அதைக் கேட்டு வாங்கியவருக்கே உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது சரியாகத் தெரியவில்லை.

மே 1 அன்று பிரிகேடு ஹெல்லெஸ் முனையில் கரையிறங்கியது. மே 12 இரவில் 6ஆவது கூர்க்காக்கள், அயர்லாந்துப் படைகள் முயன்று முடியாமல்போன ஒரு கடலோர மேட்டைப் பிடித்தார்கள்; அது போர் வரைபடங்களில் ‘கூர்க்கா மேடு’ என்றே பெயர்பெற்றது. அப்போது அந்தப் பட்டாலியனுக்குத் தலைமை தாங்கியவர் சார்லஸ் புரூஸ், 1922ஆம் ஆண்டின் எவரெஸ்ட் பயணத்துக்குத் தலைவராகப் போன அதே மனிதர். அதற்குச் சில நாட்களில் பிரிகேடின் பாதி மாறிப்போயிற்று. இரு பஞ்சாபிப் பட்டாலியன்களிலும் பஞ்சாபி முஸ்லிம்கள் பெருமளவில் இருந்தார்கள். கலீபாவான துருக்கி சுல்தானின் தலைநகரத்துக்கு வாயிலில் நின்று துருக்கியரைச் சுட அவர்களுக்கு மனம் வருமா என்ற ஐயம் எழ, இரண்டையும் மே நடுவில் விலக்கி, பின்னர் பிரான்சுக்கு அனுப்பினார்கள். விலக்கப்பட்டதும், சொல்லப்பட்ட காரணமும் ஐயத்துக்கு இடமில்லாதவை. அந்தக் காரணத்துக்கு அடிப்படை இருந்ததா என்பது வேறு. நான் படித்த நாட்குறிப்புகளில் அந்தக் கம்பெனிகள் (பட்டாலியனின் உட்பிரிவுகள்) கடமை தவறியதாக ஒரு வரியும் இல்லை. சரியாக 11 மாதம் கழித்து, 1916 ஏப்ரலில், மெசபொடேமியாவின் (இன்றைய இராக்) பெய்த் அய்யீசாவில், அதே 89ஆவது பஞ்சாபியரைச் சேர்ந்த நாயக் ஷாகமது கான் துருக்கியரின் மூன்று எதிர்த்தாக்குதல்களைத் தன் இயந்திரத் துப்பாக்கியால் முறியடித்து, பிரிட்டிஷாரின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார். அவர் முஸ்லிம். ஒரு மனிதரின் வீரம் ஒரு பட்டாலியனின் மனநிலைக்குச் சான்றாகாது என்று வாதிடலாம். ஆனால் சான்றே இல்லாமல் ஐயப்பட்டதைவிட அது கொஞ்சம் கனமானது என்பது என் கருத்து.

விலக்கப்பட்ட பஞ்சாபிப் பட்டாலியன்களுக்குப் பதிலாக 5ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸின் முதல் பட்டாலியனும் 10ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸின் இரண்டாம் பட்டாலியனும் ஜூன் தொடக்கத்தில் வந்து சேர்ந்தன. இதனால் ஹாமில்டன் கேட்ட கூர்க்காப் பிரிகேடு ஏறக்குறைய அவருக்குக் கிடைத்துவிட்டது. ஜூன் 4இல் நடந்தது மூன்றாம் கிரித்தியாப் போர். 14ஆவது சீக்கியர் ஒரு பள்ளத்தாக்கின் அடியிலிருந்து முன்னேற வேண்டியிருந்தது; எதிரே கம்பிவேலி பீரங்கிக் குண்டுகளால் அறுபடாமல் அப்படியே நின்றது; இருபுற மேடுகளிலிருந்தும் சுட்டார்கள். களத்தில் இறங்கிய 500 பேருக்குச் சற்று அதிகமானோரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர் அன்று மாண்டார்கள் அல்லது காயமுற்றார்கள். எண்ணிக்கை நூலுக்கு நூல் 370க்கும் 380க்கும் இடையே மாறுகிறது. இது யாருடைய கவனக்குறைவும் அல்ல. அன்று மாலை எடுத்த கணக்கு, மறுநாள் ஊர்ந்து திரும்பியவர்களைச் சேர்த்த கணக்கு, மருத்துவக் கப்பலில் இறந்தவர்களை மாற்றி எழுதிய கணக்கு என்று ஒரே இழப்புக்குப் பல கணக்குகள் உண்டு. பிடித்த இடத்தை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்று ஹாமில்டன் இந்தியத் தலைமைத் தளபதிக்குக் கடிதம் எழுதினார். அந்தப் புகழ்ச்சிக் கடிதம் பின்னாளில் எல்லா நூல்களிலும் மேற்கோளாக வந்தது. அறுபடாத கம்பிவேலியை நோக்கிப் பகல் வெளிச்சத்தில் ஆட்களை அனுப்பச் சொன்ன திட்டத்தைப் பற்றி அத்தனை நூல்களும் பேசுவதில்லை.

ஜூன் இறுதியில் கல்லி ரவைன் போரிலும் ஈடுபட்ட பிறகு, ஜூலையில் இம்ரோஸ் தீவில் சிறிது ஓய்வு. ஆகஸ்டில் பிரிகேடு மறுபடி தீபகற்பத்துக்கு வந்தது, இம்முறை ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் இருந்த ஆன்சாக் பகுதிக்கு. சாரி பைர் என்ற மலைத்தொடரை இரவில் ஏறிப் பிடிப்பது திட்டம். காக்ஸின்கீழ் இடதுபுற அணியில் இந்தப் பிரிகேடும், மொனாஷின் 4ஆவது ஆஸ்திரேலியப் பிரிகேடும் புறப்பட்டன. ஆகஸ்ட் 6 இரவு தொடங்கிய அந்த நடை, வரைபடத்தில் இல்லாத ஓடைகளிலும் புதர்களிலும் சிக்கிச் சிதறியது. எனினும் ஆகஸ்ட் 9 விடியலில், மேஜர் செசில் அலன்சனின் தலைமையில் 6ஆவது கூர்க்காக்கள், உடன்வந்த சில பிரிட்டிஷ் கம்பெனிக்காரர்களோடு, ‘கியூ குன்று’ என்று குறிக்கப்பட்ட உச்சியை அடைந்து, கைகலப்பில் துருக்கியரை விரட்டினார்கள். அங்கிருந்து மறுபுறத்து நீரிணை தெரிந்தது. எட்டு மாதப் போரில் அந்த உச்சியைத் தொட்டவர்கள் அவர்கள் மட்டுமே. சில நிமிடங்களில் கனமான குண்டுகள் அவர்கள் நடுவே விழ, பின்வாங்க நேர்ந்தது. அந்தக் குண்டுகள் யாருடையவை? அலன்சன் தம் கடற்படையையே குற்றஞ்சாட்டினார். கரையில் இருந்த ஹவிட்சர் பீரங்கிகள் என்பார் உண்டு. துருக்கியப் பீரங்கிகள் என்பாரும் உண்டு. நூறாண்டு கடந்தும் இது தீராத வழக்கு. கடற்படையின் பீரங்கிப் பாதை தட்டையானது, அந்தச் சரிவில் அப்படி விழுவது கடினம் என்ற வாதம் எனக்குக் கூடுதல் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அதை முடிவாகச் சொல்லும் தகுதி எனக்கில்லை, துருக்கிய ஆவணங்களை நான் மொழிபெயர்ப்பில் மட்டுமே படித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் இறுதியில் ‘60ஆம் குன்று’ச் சண்டைகள், நவம்பர் இறுதிப் பனிப்புயல், டிசம்பரில் பின்வாங்கல், பிறகு எகிப்து. 1916இல் பட்டாலியன்கள் வெவ்வேறு திசைகளில் அனுப்பப்பட்டன. 29ஆவது இந்தியப் பிரிகேடு கலைந்தது. காக்ஸ் ஆஸ்திரேலியாவின் 4ஆவது டிவிஷனுக்குத் (டிவிஷன் என்பது பல பிரிகேடுகள் சேர்ந்த அமைப்பு) தளபதியாகப் போனார். அதன் ஆயுள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு.

நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கலிப்போலியில் மட்டுமே 29 என்ற எண் மூன்று அமைப்புகளுக்கு இருந்தது. ஹெல்லெஸில் முதலில் கரையிறங்கிய பிரிட்டிஷ் டிவிஷன் 29ஆவது. இந்தியப் பிரிகேடு 29ஆவது. ஆகஸ்டில் ஆன்சாக்குக்கு வந்த 10ஆவது அயர்லாந்து டிவிஷனின் ஒரு பிரிகேடும் 29ஆவது. 60ஆம் குன்றில், அந்த அயர்லாந்துப் பிரிகேடைச் சேர்ந்த கன்னாட் ரேஞ்சர்கள், 29ஆவது இந்தியப் பிரிகேடின் தளபதியான காக்ஸின்கீழ் போரிட்டார்கள். அந்த வாரத்துக் கடிதம் ஒன்றில் ‘29ஆவது’ என்று மட்டும் இருந்தால், பட்டாலியன் பெயர் தெரியாமல் பொருள் கொள்ளவே முடியாது.

இரு போர்களுக்கும் இடையே, 1922இல் இந்தியப் படை முழுவதும் மறுசீரமைக்கப்பட்டது. 14ஆவது சீக்கியர், 11ஆவது சீக்கிய ரெஜிமென்டின் (ரெஜிமென்ட் என்பது பல பட்டாலியன்களுக்குத் தாய் அமைப்பு) முதல் பட்டாலியன் ஆனார்கள். 69ஆவது பஞ்சாபியர், 2ஆவது பஞ்சாப் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாலியன். 89ஆவது பஞ்சாபியர், 8ஆவது பஞ்சாப் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன். கூர்க்காக்களின் எண்கள் மாறவில்லை. இந்த மாற்றப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இரு போர்களையும் சேர்த்துப் படிப்பவர்கள் கட்டாயம் வழிதவறுவார்கள்.

இனி இரண்டாவது 29. 1940 செப்டம்பரில் லூயிஸ் ஹீத்தின் 5ஆவது இந்திய டிவிஷன் சூடானுக்கு வந்தபோது அதில் இரண்டு பிரிகேடுகளே, 9ஆவதும் 10ஆவதும், இருந்தன. சூடானில் ஏற்கெனவே மூன்று பிரிட்டிஷ் பட்டாலியன்கள் காவலிருந்தன. ஒரு பிரிகேடுக்கு ஒரு பிரிட்டிஷ் பட்டாலியன், இரண்டு இந்தியப் பட்டாலியன்கள் என்ற வழக்கம் 1857க்குப் பிந்திய அவநம்பிக்கையில் தோன்றி, அப்போதும் நிலைத்திருந்த ஒன்று. அதன்படி கையிலிருந்த ஒன்பது பட்டாலியன்களைக் கலைத்துப் பிரித்து மூன்று பிரிகேடுகள் ஆக்கினார்கள். அப்படிப் பிறந்த மூன்றாவதுக்கு 29 என்ற எண் சூட்டப்பட்டது. அதில் இருந்தவை 1ஆவது வுஸ்டர்ஷயர், 2ஆவது பஞ்சாப் ரெஜிமென்டின் மூன்றாம் பட்டாலியன், 13ஆவது ஃபிரான்டியர் ஃபோர்ஸ் ரைஃபிள்ஸின் ஆறாம் பட்டாலியன். தளபதி பிரிகேடியர் மேரியட். கலிப்போலிப் பிரிகேடில் இருந்த ஆறு பட்டாலியன்களுள் ஒன்றுகூட இதில் இல்லை. 2ஆவது பஞ்சாப் ரெஜிமென்ட் என்ற பெயரைக் கண்டு பழைய 69ஆவது என்று நினைத்துவிட வேண்டாம். அது இரண்டாம் பட்டாலியன், இது மூன்றாம் பட்டாலியன், முந்திய காலத்தில் 72ஆவது பஞ்சாபியர்.

தொடர்பு என்று ஒன்றைத் தேடினால், அது பக்கத்துப் பிரிகேடில் கிடைக்கிறது. 10ஆவது பிரிகேடின் தளபதியாக சூடானில் இருந்தவர் வில்லியம் ஸ்லிம், பின்னாளில் பர்மாவை மீட்ட தளபதி. 1915 ஆகஸ்டில் சாரி பைர் சரிவில், வார்விக்ஷயர் பட்டாலியனின் இளம் அதிகாரியாகப் படுகாயம் அடைந்தவர் அவர். அங்கே 6ஆவது கூர்க்காக்களைக் கண்டவர், போருக்குப் பின் அந்தப் பட்டாலியனிலேயே சேர்ந்தார். எண் ஒரு பிரிகேடுக்குப் போக, நினைவு வேறொரு பிரிகேடுக்குப் போயிருக்கிறது.

எரித்திரியாவில் கெரென் நகரத்துக்குச் செல்லும் ஒரே மலைவாயிலை இத்தாலியர் அடைத்துக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரியில் 4ஆவது இந்திய டிவிஷன் முயன்றும் திறக்கவில்லை. மார்ச் 15 அன்று இரு டிவிஷன்களும் சேர்ந்து தாக்கின. 9ஆவது பிரிகேடு டோலோகோரோடாக் கோட்டையைப் பிடித்தது. அதைக் கடந்து மேலே இருந்த ஃபலெஸ்தோ, ஸெபான் சிகரங்களைப் பிடிக்கும் பணி 29ஆவது பிரிகேடுக்கு வந்தது. முடியவில்லை. பாறைச் சரிவில் பகல் முழுதும் ஒட்டிக்கொண்டு கிடந்தவர்களுக்கு வானூர்திகள் மூலம் தண்ணீரும் தோட்டாக்களும் போட்டுப் பார்த்தார்கள். இறுதியில் பின்னுக்கு இழுத்தார்கள். கெரென் வெற்றியைச் சொல்லும் சுருக்கக் குறிப்புகளில் இந்தத் தோல்வி மறைந்துவிடுகிறது. மார்ச் 25இல் 9ஆவது, 10ஆவது பிரிகேடுகள் வாயிலின் தரைமட்டத்தில் வழி திறக்க, 27இல் இத்தாலியர் விலகினார்கள்.

29க்கு உரிய வெற்றி அடுத்ததாக வந்தது. எத்தியோப்பியாவின் வடக்கே, 3,000 மீட்டருக்கும் உயர்ந்த ஆம்பா அலகி மலைத்தொடரில் இத்தாலிய வைஸ்ராயான ஆவோஸ்டா கோமகன் தம் எஞ்சிய படையோடு அரண் அமைத்திருந்தார். மே 4 விடியலில், கிழக்கே ஒரு கணவாயில் போலித் தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோது, 29ஆவது பிரிகேடு மேற்கு முகட்டின் வழியாக ஏறி, முதல் நாளிலேயே குன்று குன்றாகப் பிடித்து முன்னேறியது. மறுநாள் கம்பிவேலி முன் நின்றுபோனது. பிறகு 9ஆவது பிரிகேடும், தெற்கிலிருந்து வந்த தென்னாப்பிரிக்கப் பிரிகேடும் நெருக்க, மே 19இல் கோமகன் சரணடைந்தார். இந்த மே மாதத்து இரண்டு நாட்களே இந்தப் பிரிகேடின் உச்சம் என்பேன்: திட்டம் தெளிவாக இருந்தது, ஆட்கள் மலைச்சண்டைக்குப் பழகியிருந்தார்கள், பீரங்கித் துணை நேரத்துக்குக் கிடைத்தது. வடமேற்கு எல்லைப்புறத்தில் பத்தாண்டுகள் கற்ற பாடம் ஓர் ஆப்பிரிக்க மலையில் பயன்பட்டது.

வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் அந்தப் பாடம் செல்லுபடியாகவில்லை. மேரியட்டுக்குப் பின் டெனிஸ் ரீடு தலைமை ஏற்றார். 1941 நவம்பரில் அவர் ஒரு பாலைவன அணியோடு ஜராபூப் சோலையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் மேற்கே போய் ஜாலோ சோலையை 24ஆம் நாள் பிடித்தார். துணிச்சலான காரியம், பெரிய போரின் ஓரத்தில் நடந்ததால் பலரும் அறியாதது. 1942 ஜூனில் லிபியாவின் கஸாலா அரண்வரிசை உடைந்தபோது, பிரிகேடு டோப்ரூக்குக்குத் தெற்கே எல் ஆதெம் அரணில் இருந்தது. ஜெர்மானியரின் 90ஆவது இலகு டிவிஷன் பலமுறை தாக்கியும் அதை உடைக்க முடியவில்லை. ஜூன் 16 இரவில் வெளியேறச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. அதற்குள் வுஸ்டர்ஷயர் பட்டாலியன் வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்தது; பின்னர் அது டோப்ரூக்கில் சிறைப்பட்டது. எகிப்தின் மெர்சா மத்ரூவில் பிரிகேடைச் சிறு சிறு ஓடும் அணிகளாகத் துண்டாக்கி, தங்கள் தரப்பின் இரண்டு பெரும்படைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் பரப்பினார்கள். டாங்கிகளுக்கு எதிரே அப்படித் துண்டாக்கியது, என் மதிப்பீட்டில், அந்தக் கோடைகாலத்தின் மோசமான பழக்கங்களுள் ஒன்று. ஜூன் 28 மாலை ஃபூகா மேட்டில் ஜெர்மானியரின் டாங்கிப் படையான 21ஆவது பான்சர் டிவிஷன் எஞ்சியிருந்தவர்களைச் சூழ்ந்து அழித்தது. ரீடு கைதானார், பின்னர் தப்பி, இத்தாலியில் 10ஆவது இந்திய டிவிஷனுக்குத் தளபதியானார். பிரிகேடு மீண்டும் கட்டப்படவில்லை. 5ஆவது டிவிஷன் பர்மாப் போர்முனைக்குப் போனபோது அதில் இருந்தவை 9, 123, 161 ஆகிய எண்கள், 29 இல்லை.

மடகாஸ்கர் விவகாரம் எளிது. 1942 மே 5 அன்று தியெகோ சுவாரெஸில் தரையிறங்கியது ஃபெஸ்டிங்கின்கீழ் இருந்த பிரிட்டிஷ் 29ஆவது தனிப் பிரிகேடு. அதன் நான்கு பட்டாலியன்களும் பிரிட்டிஷ். குழப்பம் பிறகுதான் வருகிறது: அந்தப் பிரிகேடு இந்தியாவுக்கு வந்து, 36ஆவது ‘இந்திய’ டிவிஷனில் சேர்ந்து, 1944இல் பர்மாவின் அரக்கானில் போரிட்டது. டிவிஷனின் பெயரைப் பார்த்து அதை இந்தியப் பிரிகேடு என்று எழுதிவிடுகிறார்கள். ஏழாண்டு கழித்து, 1951இல், கொரியாவில் இம்ஜின் ஆற்றங்கரையில் போரிட்ட 29ஆவது பிரிகேடும் பிரிட்டிஷாருடையதே.

ஒரே நூல் ஏன் இல்லை என்பதற்கு வருகிறேன். நூல் எழுதச் செலவிட்டவர்கள் ரெஜிமென்டுகளும் டிவிஷன்களும்தான். ரெஜிமென்டுக்குச் சங்கமும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் நிதியும் இருந்தன. டிவிஷனுக்குப் போரின் முடிவில் அரசு ஆதரவு இருந்தது. பிரிகேடு இரண்டுக்கும் நடுவே அனாதையாகிவிட்டது. எஞ்சுவது பிரிகேடு தலைமையகத்தின் போர் நாட்குறிப்பு. முதல் உலகப் போர்க்காலத்தவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘டபிள்யூ ஓ 95’ வரிசையிலும், இரண்டாம் போரின் மத்தியக் கிழக்குக் குறிப்புகள் ‘டபிள்யூ ஓ 169’ வரிசையிலும் உள்ளன. அவற்றை அளவறிந்து நம்ப வேண்டும். நேரம், இடம், உத்தரவு ஆகியவற்றில் அவை பெரும்பாலும் சரியாக இருக்கும். எதிரியின் இழப்பு பற்றிய எண்கள் பெரும்பாலும் ஊகம். தோல்வியின் காரணம் எழுதியவரின் பதவியைப் பொறுத்தது. தலைமையகமே சிக்கிக்கொள்ளும் நாட்களில் தாள்களை எரித்துவிடுவது வழக்கம். ஃபூகா போன்ற முடிவுகளை எதிரியின் ஆவணங்களையும், தப்பி வந்தவர்களின் பிற்காலக் கூற்றுகளையும் கொண்டே கட்ட வேண்டியிருக்கிறது. இன்னொரு பெரிய குறை: அதிகாரிகள் பெயரோடு வருவார்கள், சிப்பாய்கள் எண்ணிக்கையாக வருவார்கள். கலிப்போலியில் 5,000 இந்தியர் இருந்தனர் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். கோவேறு கழுதை ஓட்டிகள், மலைப் பீரங்கிக்காரர்கள், மாற்றாக வந்தவர்கள் அனைவரையும் சேர்த்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எண்ணியபோது அது 15,000ஐத் தாண்டியது. பழைய எண்ணைச் சொல்லும் கட்டுரைகள் இன்றும் பரவிக்கொண்டிருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

ஆகவே, இந்த வரலாற்றைத் தொடர விரும்பினால் பிரிகேடின் எண்ணை விட்டுவிட்டுப் பட்டாலியனைப் பிடியுங்கள். 89ஆவது பஞ்சாபியரைத் தொடர்ந்தால் கலிப்போலி, பிரான்சு, மெசபொடேமியா கடந்து, 8ஆவது பஞ்சாப் ரெஜிமென்டின் முதல் பட்டாலியனாக 1942 ஜனவரியில் மலாயாவின் கம்பார் போரில் அதன் சீக்கியக் கம்பெனி துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்ததையும், அடுத்த மாதம் சிங்கப்பூரில் பட்டாலியன் சிறைப்பட்டதையும், 1947க்குப் பின் அது பாகிஸ்தானுக்குப் போனதையும் காண்பீர்கள். 14ஆவது சீக்கியரைத் தொடர்ந்தால், 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய பட்டாலியனில் போய் நிற்பீர்கள். ஒரு தனி மனிதரைத் தேடுகிறீர்கள் என்றால், பட்டாலியன் பெயரும் ஊரும் கிடைத்த பிறகு, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் ஹெல்லெஸ் நினைவுச்சின்னத்தையும் கெரென் தகன நினைவுச்சின்னத்தையும் முதலில் பாருங்கள். பஞ்சாபியர் என்றால், லாகூர் அருங்காட்சியகத்திலிருந்து கணினியில் ஏற்றப்பட்டுவரும் முதல் உலகப் போர்க் கிராமப் பதிவேடுகளையும் பாருங்கள். அந்தப் பட்டியல்களில் ஒரே பெயரும் ஒரே தந்தை பெயரும் கொண்டவர்கள் பலர் இருப்பார்கள். சிப்பாயின் எண்ணும் ஊரும் பொருந்தும்வரை எவரையும் இவர்தான் என்று முடிவுசெய்ய வேண்டாம்.